“முதல்ல சாருக்குக் கொடுங்க”

எஸ்தர் டீச்சர் மறைந்த செய்தியை எங்கள் திருச்சபையிலிருந்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. குன்னூர் மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்கார பாய்தான் சொன்னார். “ஏனுங்க சார், எமரால்டுல இருந்து கேரட் ஏத்திட்டு வந்த டிரைவர் சொன்னாருங்க. உங்க டீச்சரம்மா விடியக்காலம் போயிட்டாங்களாமா. தெரியாதுங்களா?” தெரியாது என்றேன். வாங்கிய காயை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எங்கள் சபைப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர், நான் வரலாறு. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், பேச்சுவாக்கில், “நான் செத்தா நேரா ஆண்டவர்கிட்டதான் போவேன்” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. “ரிசர்வேஷன் கன்ஃபர்ம் ஆயிருச்சுங்களா டீச்சர்?” என்று கேட்டேன். அவர் பேனாவை நிறுத்தவில்லை. “ஆயிருச்சுங்க சார். டிக்கெட் எடுத்தது நான் இல்லீங்களே, அதான் தைரியமாச் சொல்றேன்.” இரட்சிப்பின் நிச்சயம் என்று பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதை இவ்வளவு சாதாரணமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

என் கதை எங்கள் சபையில் பலருக்குத் தெரியும். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைப் பள்ளிக் கமிட்டி, செயலாளரின் மருமகன் டேனியலுக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து ஆலயத்தில் நான் கடைசி பெஞ்சுதான். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. ஆயருக்குப் பக்கத்தில் கிண்ணத்தோடு நிற்பவர் டேனியல். பகையோடு அந்த மேசைக்குப் போகக்கூடாது என்றே வளர்க்கப்பட்டவன் நான். பகையும் போகவில்லை. ஆகவே எனக்கு இரட்சிப்பு இல்லை என்று எனக்குள் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

எஸ்தர் டீச்சர் மீதும் எனக்குக் குறை உண்டு. எனக்காக அவர் கமிட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே பேசினார். “உங்களுக்கு நடந்தது அநியாயந்தானுங்க சார். அந்தக் கோபத்தைக் கமிட்டிகிட்டக் காட்டுங்க. ஆண்டவர் மேசைகிட்ட எதுக்குங்க காட்டறீங்க?”

ஓய்வு பெற்ற பிறகு நோய் வந்து, எமரால்டு கிராமத்தில் தங்கை சரோஜா வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் டீச்சர் ஒருவர்தான் கிறிஸ்தவர். தங்கை அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். கடைசியாக நான் போயிருந்தபோது டீச்சர் பாதியாகியிருந்தார். “பயமா இருக்குதுங்களா?” என்று கேட்டேன். “வலிக்குப் பயம்தானுங்க. ராத்திரி வந்துருமோன்னு சாயந்திரத்துல இருந்தே பயம். போற எடத்துக்குப் பயமில்லை.”

அந்த நேரம் பார்த்து ஆயர் வந்தார், நோயாளிக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க. பின்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு டேனியல். நான் எழுந்தேன்.

“எங்கீங்க போறீங்க? இப்ப பஸ் கிடையாது, உக்காருங்க” என்றார் டீச்சர்.

ஜெபம் முடிந்தது. ஆயர் அப்பத்தை அவரிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை. “முதல்ல சாருக்குக் கொடுங்க” என்றார்.

டேனியல் தரையைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை. “வேண்டாமுங்க டீச்சர். இவரை நான் மன்னிக்கலை. எனக்குத் தகுதி இல்லை.”

“தகுதி பார்த்துத்தான் கொடுக்கணும்னா ஆயர் பெட்டியை மூடிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.” மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுச் சொன்னார். “நான் இன்னிக்கு வாங்காமச் செத்தாலும் எங்க போறேன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்குத்தான் தெரியலை. அதனால நீங்க வாங்குங்க. நான் அப்பறம் வாங்கிக்கறேன்.”

சாகக் கிடக்கும் ஒருவர் தம் பங்கை எனக்காகத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். இத்தனை வருடம் நான் திமிர் என்று நினைத்த அந்த நிச்சயத்தின் பலம் என்னவென்று அப்போது பார்த்தேன். கையை நீட்டினேன். அப்பம் ஆயர் கையிலிருந்து வந்தது, கிண்ணம் டேனியல் கையிலிருந்து. அதன் பிறகுதான் டீச்சர் வாங்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பரவாயில்லையே, ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கீங்க.” முதலில் சிரித்தது டேனியல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியிருந்தது.

அடக்கத்தன்று குழியருகில் ஆயர் உயிர்த்தெழுதலின் வார்த்தைகளை வாசித்தபோது, கூட்டத்தோடு சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். அவர் எங்கே இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டேனியலோடு நான் இன்னும் அதிகம் பேசுவதில்லை. நடந்தது அநியாயம் என்பதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் போன ஞாயிறு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து திருவிருந்துக்கு நடந்தேன். எஸ்தர் டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: உழைத்து எனக்கு வரவேண்டியதை ஒரு கமிட்டி எடுத்துக்கொண்டது, உழைக்காமல் எனக்குக் கொடுக்கப்பட்ட இந்த இரட்சிப்பை எந்தக் கமிட்டியும் எடுக்க முடியாது. நானே எனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்பும் ஆண்டவரிடம் செல்லாது.