கோப்பை வாங்கிய முகம்

இங்கிலாந்தின் எக்ரிமண்ட் ஊர் ஆப்பிள் திருவிழாவில் ஒரு போட்டி உண்டு. குதிரையின் கழுத்துப் பட்டைக்குள் தலையை விட்டு, முகத்தை யார் அதிகமாகக் கோணுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. வெட்கங்கெட்ட போட்டிதான். ஆனாலும் ஜெயித்தவனுக்கு ஊரில் இருக்கும் மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது.

வில்ஃப் ஃபியரன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆளே இல்லை. இளமையில் இரும்புச் சுரங்கத்தில் வேலை. தலை முதல் கால்வரை இரும்புத் தாதுத் தூசி படிந்து செக்கச்செவேலென்று வீடு திரும்பி, பேசாமல் குளித்துவிட்டுப் பேசாமல் சாப்பிடுவான். கல்யாணப் போட்டோவில்கூடச் சிரித்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு அறுபது வயதில், வாயைத் திறந்தாலே நெற்றி மேலே ஏறியது, உதடு ஒரு பக்கம் இழுத்தது.

மனைவி நொரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கெழவனுக்கு இப்பத்தான் குசும்பு எட்டிப் பாக்குது!"

"வெளையாடாத நொரீன். அதுவா வருது."

"அதுவா வருதாம்! யாருகிட்ட கதை விடுற?"

அசதி என்று டாக்டரிடம் போனபோது, ரத்தத்தில் இரும்பு கம்மி என்றார். "சொரங்கத்தையே தின்னவனுக்கு இரும்பு பத்தலையாம்!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள் நொரீன். தினமும் ஒரு இரும்பு மாத்திரை, வெங்காயம் போட்டு வதக்கிய ஈரல் என்று கொடுத்துவந்தாள். அந்தச் செப்டம்பரில் திருவிழா வந்தபோது அவனைக் கேட்காமலே போட்டிக்குப் பேரும் கொடுத்துவிட்டாள். அவள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவன், போய் நின்றான். பட்டைக்குள் அவன் முகம் அஷ்டகோணலாகப் போனதில் கூட்டம் கூரை அதிரக் கத்தியது. நொரீன் முன்வரிசையில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோப்பை அவனுக்குத்தான்.

அடுத்த வருஷம் கை உதறியது, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்தார்கள்.

"வயசானா எல்லார் மூளைலயும் கொஞ்சம் இரும்பு சேரும்மா," என்றாள் அங்கிருந்த டாக்டர். "இவருக்கு அளவில்லாம சேந்துடுச்சு. ரத்தத்துல கம்மி, மூளைல ஜாஸ்தி. பரம்பரையா வர்றது. நீங்க குடுத்த மாத்திரையால வந்ததில்ல."

நொரீன் தலையாட்டினாள், நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்ச மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். பிறகு கணப்பு மேலிருந்த கோப்பையை எடுத்தாள்.

"எங்க... கொண்டுபோற?" என்றான் வில்ஃப்.

"எங்கயாவது தொலைக்கிறேன். நோயாளிய சந்தி சிரிக்க வெச்சு வாங்கின கோப்பை எனக்கு எதுக்கு? நீயாவது மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் நெற்றி ஏறி இறங்கியது. வாய் அலைந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அன்னைக்கு நான் மூஞ்சியக் கோணவே இல்ல நொரீன். நீ முன்னாடி நின்னியா... உனக்காக ஒரு நிமிஷமாவது நேரா வெச்சுக்கலாம்னுதான் பாத்தேன்."