நாகப்பட்டினம் கிளையில் டிஜிட்டல் கண்ணாடி

நாகப்பட்டினம் கிளையிலிருந்து டிஜிட்டல் கண்ணாடியைத் திருப்பி அனுப்பும்படி ஹெட் ஆபீஸ் உத்தரவு வந்த நாள் அது. அதைக் கழற்ற மறுநாள் டெக்னீஷியன் வருவதாக இருந்தது.

கண்ணாடி என்றால் ஆள் உயரத் திரை. எதிரே நின்று புடவையின் பார்கோடை ஸ்கேன் செய்தால், அதை உடுத்திய நம் உருவம் தெரியும். எங்கள் ஜவுளிக்கடையின் சென்னைக் கிளையில் அதன் முன் வரிசையில் நின்றார்கள். எல்லாக் கிளைகளிலும் அதைப் பழக்கிவிடுவது பயிற்சி மேலாளரான என் வேலை. நாகையில் மூன்று வாரமாக ஒருவரும் அதன் பக்கம் வரவில்லை. ‘இந்த ஊர் கஸ்டமர்கள் இன்னும் தயாராகவில்லை’ என்று ரிப்போர்ட் அனுப்பினேன். கண்ணாடி போனால் அதற்கென்றே வேலைக்குச் சேர்த்த ஆரோக்கியமேரியும் போக வேண்டியதுதான். தெரிந்தேதான் எழுதினேன்.

அன்று வேதாரண்யத்திலிருந்து ஓர் அம்மா மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தார். மகள் குவைத்தில் நர்ஸ். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் வருகிறாள். அரக்கா, பச்சையா என்று அந்த அம்மா ஒரு மணி நேரம் தவித்தார்.

“எது எடுப்பா இருக்கும்னு தெரியலைங்க. நேர்ல பாத்தே ரெண்டு வருஷமாச்சு.”

ஆரோக்கியமேரி, “பொண்ணு போட்டோ போன்ல இருக்காம்மா? முழுசா நிக்கிற மாதிரி?” என்று கேட்டாள்.

படத்தைத் திரையில் ஏற்றினாள். யூனிஃபார்மில் இருந்த பெண் அரக்குப் பட்டில் நின்றாள். அந்த அம்மா கிட்டே போனார். புடவையைப் பார்க்கவில்லை.

“இளைச்சுப் போயிட்டாளே,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பச்சையப் போடுங்க” என்றார்.

இரண்டு படங்களும் குவைத்துக்குப் போயின. “பச்சைதாம்மா. மாத்திடாத” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

அந்த அம்மா போனபின் ஆரோக்கியமேரியிடம், “இவ்வளவு நாளா ஏன் யாரும் வரல?” என்றேன்.

“ரெண்டு பஸ் மாறி, வேர்த்துப்போய் வராங்க மேடம். நாலு பேர் பாக்க தன் மூஞ்சி அவ்ளோ பெரிசாத் தெரிஞ்சா கூச்சமா இருக்காதா? நான் விசாரிச்சேன், அப்படித்தான் சொன்னாங்க.”

“என்கிட்ட சொல்லலையே?”

“நீங்க கேக்கலையே மேடம்.”

உடனே ஹெட் ஆபீஸ் மேனேஜருக்கு போன் செய்தேன். “சார், என் ரிப்போர்ட் தப்பு. ஒரு மாசம் டைம் குடுங்க.”

“இப்ப மட்டும் ஊரு தயாராயிடுச்சாம்மா?”

“நான்தான் சார் தயாரா இல்லாம வந்துட்டேன்.”

அவர் ஒப்புக்கொண்டார். விஷயம் பரவி, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் போட்டோவோடு வரத் தொடங்கின. பிறகு மயிலாடுதுறைக் கிளைக்குப் பழக்கிக்கொடுக்க ஆரோக்கியமேரியையே அனுப்பினேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த ஊருக்குப் புது மெஷின் கொண்டுபோனாலும், அங்கே கவுன்ட்டரில் நிற்பவரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். நான் மூன்று வாரம் தாமதித்தேன். ஒரு பெண்ணின் வேலை போயிருக்கும்.