உதடும் பத்து நகமும்

கண்ணாடிக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும், வாங்க என்று வாய் சொல்வதற்குள் அவள் கண் வந்தவரின் உதட்டுக்குப் போய், அங்கிருந்து விரல் நகத்துக்கு இறங்கிவிடும். மருமகன் முதன்முதலில் வந்தபோது அவள் பார்த்த பார்வையில் அந்த மனிதர் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா சாயத் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், நீங்கள் நீலமாகிவிடவில்லையே என்று பார்க்கிறாள், அவ்வளவுதான் என்று மகள் சமாதானம் சொன்னாள்.

அந்தத் தொழிற்சாலையின் பின்கோடியில் பீப்பாய்க் கொட்டகை. சாயம் காய்ச்சுவதற்கான அனிலின் என்ற திரவம் அங்கேதான் வந்து இறங்கும். பார்க்கச் சமையல் எண்ணெய்போல் பரம சாது. வாசனை மட்டும் அழுகின மீன். கையில் பட்டால் சுடாது, எரியாது. தோல் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போய், ரத்தம் காற்றைச் சுமக்கிற வேலையைக் கெடுத்துவிடும். உதடும் நகமும் நீலம் பூத்துக்கொண்டிருக்கும், ஆளோ எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்று சாதித்துக்கொண்டிருப்பார்.

தன் உதடு தனக்குத் தெரியாதே. அதனால் கொட்டகையில் எல்லோருக்கும் ஜோடி உண்டு. மணிக்கொரு முறை ஜோடிகள் எதிரெதிரே நின்று, கையுறையைக் கழற்றி, உதட்டையும் பத்து நகத்தையும் காட்ட வேண்டும். பார்த்தவர் "நல்லா இருக்கே, போ" என்று சொன்ன பிறகுதான் மறுபடி பீப்பாயைத் தொடலாம். தோல் செருப்பு கூடாது, அது அனிலினைக் குடித்து வைத்துக்கொண்டு காலுக்கு ஊட்டும். நகப்பூச்சும் உதட்டுச் சாயமும் கூடவே கூடாது. ஊருக்கெல்லாம் சாயம் செய்துவிட்டு நமக்கு ஒரு துளி பூசக் கொடுத்துவைக்கவில்லை என்று பெண்கள் அலுத்துக்கொள்வார்கள்.

பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, அதனால் கண்ணாடி என்று பேர் வைத்தார்கள். அவளுடைய ஜோடிக்குப் பேர் சிரிப்பு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டிபன் டப்பாவைப் பிரித்து, ஒன்றாகவே திரும்பினார்கள். ஒன்பது வருஷம் அப்படியே போனது. அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அடிக்கடி வேறு யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கட்டினவர்கூட.

ஒருமுறை எல்லோரையும் மறுநாள் பகலில் போட்டோ எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். சிரிப்பு காலையிலேயே உதட்டிலும் நகத்திலும் சிவப்பைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றாள். கண்ணாடி அழித்துவிட்டு வா என்று சொல்லியிருக்க வேண்டும். போட்டோ ஆனதும் அழித்துவிடுகிறேன் என்று அவள் கெஞ்சினாள். பார்க்க அழகாகவும் இருந்தாள். ஒருநாள்தானே என்று மனசு இளகிப்போய், அடியில் ஒன்றும் தெரியாத சிவப்பைப் பார்த்து, "நல்லா இருக்கே, போ" என்று சொல்லிவிட்டாள் கண்ணாடி.

சிரிப்பின் கையுறையில் விரலிடுக்கில் ஒரு ஓட்டை இருந்தது. குழாயை மாற்றும்போது அதன் வழியே அனிலின் உள்ளே இறங்கியிருக்கிறது. அடுத்த முறையும் அதே சிவப்பு, அதே "போ". தலை வலிக்கிறது, வெயில்தான் என்றாள் சிரிப்பு. பிறகு யாரோ எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கண்ணாடி பார்த்தாள்: ஈறும் நாக்கும் மை குடித்ததுபோல் இருந்தன.

கண்ணாடி அவளைத் தரதரவென்று குளியலறைக்கு இழுத்துப்போய், உடுப்பைக் கிழித்தெறிந்து, சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் தேய்த்தாள். வெந்நீர் ஆகாது, விஷம் இன்னும் வேகமாக ஏறும். அப்புறம் ஆக்ஸிஜன், ஆஸ்பத்திரி. அங்கே ஏற்றிய மருந்தும் நீல நிறம்தான். கண் விழித்ததும் சிரிப்பு அதைக் காட்டி, சாயம் நம்மை விடாது போலிருக்கிறதே என்றாள்.

விசாரணை வந்தது. செக்கிங் முடிந்தபிறகு நானாகப் பூசிக்கொண்டேன் என்று சிரிப்பு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அப்படியா என்று அதிகாரி திரும்பிக் கேட்டபோது கண்ணாடி தலையாட்டினாள். வீட்டில் மூன்று பிள்ளைகள், வேலை போய்விடும் என்ற பயம். சிரிப்பை அடுத்த கேட்டில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கோழை என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கண்ணாடிதான் அவள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு பஸ்ஸை மாற்றிக்கொண்டாள். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று பழைய ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இதை விட்டால் இனி எங்கே பார்க்கப்போகிறோம், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் கண்ணாடி போனாள். கொட்டகை காலியாகக் கிடந்தது. பீப்பாய்கள் நின்ற வட்டங்கள் மட்டும் தரையில் இருந்தன. சிரிப்பு கைத்தடியோடு வந்தாள். நரைத்த தலை. உதட்டில் பளிச்சென்று சிவப்பு. வந்தவள் நேராக எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

எத்தனையோ ராத்திரி ஒத்திகை பார்த்துவைத்த மன்னிப்பெல்லாம் கண்ணாடிக்கு மறந்துபோனது.

"மொதல்ல அதை அழிச்சிட்டு வா."

சிரிப்பு வாயைத் திறந்தாள். சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். உன்னைக் காட்டிக்குடுத்துட்டு நான் நல்லவளா இருந்துட்டேன்."

"சரி, பாரு. நிக்க முடியலை."

கண்ணாடி பார்த்தாள். சுருக்கம் விழுந்த உதடு. ஈறு, நாக்கு. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பத்து நகம். அவசரமே படவில்லை.

"நல்லா இருக்கே," என்றாள். போ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.