மல்லிகை அத்தர் முடிவதற்குள்

மல்லிகை அத்தரை முகர்ந்தால் முதலில் இனிப்பு வரும், அதற்குப் பின்னால் ஒரு பச்சை வாடை, அதற்கும் பின்னால், பொறுமையாக மூக்கை வைத்திருந்தால், நேற்றுக் கட்டி இன்று கசங்கிப்போன சரத்தின் அழுகல் நெடி மிகக் கொஞ்சமாக வரும். இந்தக் கடைசி நெடி இல்லாத மல்லிகை போலி. சோப்புக்கும் ஊதுவத்திக்கும் வாசனை கூட்டிக் கொடுக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில், நாள் முழுக்க வாசனை தோய்த்த காகிதக் குச்சிகளை முகர்ந்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த அழுகல் சரக்கைத் தனியாக முகர்ந்துவிட்டு "ஐயோ, பாச்சை உருண்டை நாற்றம்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதை எடுத்துவிட்டால் மல்லிகை வெறும் மிட்டாய் என்று நான் சண்டைக்குப் போவேன். மல்லிகை என்றதும் அவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வருகிறதாம். வரட்டும், நல்லது. எனக்கு ஞாபகம் வருவது எங்கள் வீட்டு வாசற்படி. பத்து வயதில், ஒரு கார்த்திகை மழைக்காலம் முழுக்க, அந்த வாசனையை வைத்துத்தான் என் வாப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் தெரிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். வாப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரத்தோணியில் "தண்டல்", அதாவது தோணியை நடத்திப் போகிறவர். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தூத்துக்குடிக் கடைத்தெருவில் சுண்டுவிரல் பருமனில் ஒரு மல்லிகை அத்தர் பாட்டில் வாங்கிவந்து உம்மாவின் கையில் கொடுத்து, "இது முடியறதுக்குள்ள வந்திருவேன்" என்பார். உம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பார். தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் குளித்து, காதுகளுக்குப் பின்னால் ஒரு தொடுதல், மணிக்கட்டில் ஒரு தொடுதல். நான் வாசற்படியில் கால் வைக்கும்போதே அந்த மணம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும். பாட்டில் இரண்டு மாதம் வரும். வாப்பா அதில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எங்கள் ஊரில் மாப்பிள்ளையைப் பறிகொடுத்த பெண் நாலு மாதம் பத்து நாள் "இத்தா" இருப்பாள். வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். பூ வைக்கமாட்டாள், மினுக்கு உடுத்தமாட்டாள், அத்தர் தொடமாட்டாள். ஆகவே ஒரு வீட்டில் மணம் நின்றுபோனால் என்ன அர்த்தம் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பால் பல் விழுவதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

அந்தக் கார்த்திகையில் கடலில் புயல் அடித்தது. வாப்பாவின் தோணி மாலத்தீவுக்குப் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. மாமா தினமும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறி, தோணிக்காரர்களின் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு வருவார். வந்து செருப்பைக் கழற்றும்போதே "சேதி இல்ல" என்று சொல்லிவிடுவார். முதல் வாரம் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள், மூன்றாவது வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஐந்தாவது வாரம் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள். உம்மா மட்டும் குளித்து, வழக்கம்போல அத்தர் தொட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் பாட்டிலைப் பார்ப்பேன். பாதி. அப்புறம் பாதிக்கும் கீழே. அப்புறம் கால்வாசிக் கோடு. உம்மா இரண்டு தொடுதலை ஒன்றாகக் குறைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

உம்மாவின் அக்காவான பெரியும்மா பக்கத்து வீடு; இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்கதவு உண்டு. மனதில் பட்டதை மடியில் கட்டிவைக்கத் தெரியாதவர். ஒரு நாள் உள்கதவில் நின்று வெடித்துவிட்டார்.

"ஏளா, ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா ஒனக்கு? மாப்புள்ள கடல்ல இருக்காரா இல்லையான்னே தெரியல, இங்கன தெரு வரைக்கும் மல்லிகை மணக்குது. கழுவித் தொலச்சா என்ன?"

உம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "உறுதியான சேதி இல்லாம இத்தா கெடையாதுன்னு பள்ளிவாசல் ஆலிமே சொல்லிட்டாங்க. மவுத்துன்னு சேதி வந்தா நானே தலைக்கு ஊத்திக் கழுவிட்டு உக்காருதேன், ராத்தா. வராம எதுக்குக் கழுவணும்?"

அதற்கு மூன்றாம் நாள். மழை விட்டிருந்தது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு, வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கும் சின்னச் சந்துகள் உண்டு, "முடுக்கு" என்போம். நான் முடுக்கு வழியாக வந்து படியில் கால் வைத்தேன். ஈர விறகுப் புகை வந்தது, மீன் வாடை வந்தது, காயாத துணியின் முடை வந்தது. மல்லிகை வரவில்லை. இன்னொரு தடவை இழுத்து முகர்ந்தேன். இல்லை. உள்ளே போய் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் கேட்கவில்லை. பையைப் போட்டுவிட்டு முடுக்கோடு ஓடினேன், ஒவ்வொரு பின்கதவாக, தொண்டை கிழிய, "வாப்பா மவுத்தாயிட்டாங்க! வாப்பா மவுத்தாயிட்டாங்க!"

முடுக்கில் தீப்பிடித்தால்கூட அவ்வளவு வேகமாகப் பரவாது. நான் ஒரு சுற்று ஓடித் திரும்புவதற்குள் வீடு நிறையப் பெண்கள். உம்மா ஈரத்தலையும் கையில் அகப்பையுமாக அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். முதலில் வந்தவள் ஓவென்று அழுது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உம்மா அவள் தோளுக்கு மேலே எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அகப்பை கீழே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே வழுக்கினமாதிரி தரையில் உட்கார்ந்தார். "எப்ப?" என்றார். "எப்ப போன் வந்துச்சு? யாருகிட்ட சொன்னாங்க?"

யாருக்கும் போன் வரவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைக் காட்ட, அவள் மூன்றாமவளைக் காட்ட, கடைசியில் எல்லாக் கண்களும் கதவோரத்தில் நின்ற என்மேல் வந்து நின்றன.

"ஒனக்கு யாருளா சொன்னா?"

"நீங்க மணக்கல உம்மா" என்றேன்.

உம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்த கையாலேயே என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அந்த வயிறு நடுங்கியதை நான் இன்னும் என் முகத்தில் வைத்திருக்கிறேன். "பாட்டிலைக் காணோம்ளா. குளிச்சுட்டு வந்து பாக்கேன், காணோம். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல." ஆனாலும் அழ வந்தவர்களுக்கு உடனே எழுந்துபோக மனம் வரவில்லை. ஒருத்தி மூலையில் உட்கார்ந்து, இறந்தவர்களுக்கு ஓதும் யாசீனை மெல்ல ஓதத் தொடங்கினாள். உம்மா அந்தப் பக்கம் திரும்பிய திருப்பில் வீடே அடங்கிப்போயிற்று. "மூடுங்க. எம் மாப்புள்ள பேருக்கு இங்கன யாரும் ஓத வேண்டாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க." பெரியும்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். எதற்கும் வாய் திறக்கும் மனுஷி அன்று வாயைத் திறக்கவில்லை.

பாட்டில் அன்று கிடைக்கவில்லை. நான் சாப்பிடவில்லை. சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன், சொன்னதாலேயே அது நடந்துவிடும், கடலில் எங்கேயோ பிழைத்துக் கிடக்கிற வாப்பாவை நானே வாயால் கொன்றுவிட்டேன் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் வழியில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரில் அன்றுதான் பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் பெரியும்மா வீட்டிலிருந்து சோறும் மீன் ஆணமும் வந்தன. நான் சோற்றுத் தட்டின் மூடியைத் திறந்தேன். ஆவியோடு சேர்ந்து குபீரென்று மல்லிகை.

"உம்மா, சோறு மணக்குது!"

உம்மா குனிந்து முகர்ந்தார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்கதவைத் தாண்டிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பெரியும்மா தட்டைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முந்தின நாள் உம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பெரியும்மாதான் பாட்டிலை எடுத்துவந்து தம் வீட்டு அரிசிப் பானைக்குள் அவசரமாகத் தலைகீழாகச் செருகியிருக்கிறார். மூடி சரியாகத் திருகாமல் அத்தர் பெரும்பாலும் அரிசியில் கசிந்திருக்கிறது. "ஏழு தண்ணி மாத்திக் களஞ்சேன்ளா. போயிட்டுன்னு நெனச்சேன்" என்றார் பாவமாக. எங்கே போகும்? காலையிலிருந்து முகர்ந்து முகர்ந்து மரத்துப்போனது அவர் மூக்குதான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

உம்மா சிரிக்கவில்லை. "நேத்து என்னைத் தரையில உக்கார வச்சியே ராத்தா. கொஞ்ச நேரம் நான் மாப்புள்ள இல்லாதவளாவே இருந்தேன். பாத்துக்கிட்டுத்தானே நின்னே?"

"பாத்தேன்" என்றார் பெரியும்மா. "ஊரு பேசுதுன்னு சொன்னது பொய். ஊரு கெடக்கு. பாட்டிலு முடியுற அன்னைக்கு நீ என்னாவேன்னு எனக்குப் பயம். தெனமும் பயம். அதான் முடியுறதுக்கு முந்தி எடுத்துரலாம்னு எடுத்தேன்."

உம்மா அரிசிப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். அந்த அரிசியை உலையில் போட யாரையும் விடவில்லை. பாட்டிலின் அடியில் நாலைந்து தொடுதலுக்கு மிச்சம் இருந்தது. அதுவும் தீர்ந்தபின், தொழுகையில் உடுத்தும் வெள்ளை மக்கனாவைப் பானைக்குள் அரிசிமேல் மடித்து வைத்துவிட்டு, மாலையில் எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் முகத்தைப் புதைத்து முகர்வேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. இனிப்பு போய்விட்டது, பச்சை வாடை போய்விட்டது, கடைசியில் அந்த அழுகல் நெடி மட்டும் பிடிவாதமாக நின்றது. நல்ல மல்லிகையில் கடைசிவரை நிற்பது அதுதான் என்று பின்னாளில் ஒருவரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாலை மாமா செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் ஓடிவந்தார். பாய்மரம் முறிந்து, தோணி திசை தப்பி ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கி, மாலத்தீவு மீன்காரர்கள் கண்டு கரைசேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு. மேலும் ஒரு வாரம் கழித்து வாப்பா வந்தார், பாதி ஆளாக, தாடியும் கறுத்த முகமுமாக. உள்ளே வந்தவரின் கண் நேராக அலமாரிக்குப் போயிற்று. காலி பாட்டிலைக் கையில் எடுத்து, "முடிஞ்சுபோச்சே. சொன்ன சொல்லு தப்பிட்டேன்" என்றார்.

"முடியல" என்றார் உம்மா. "அரிசியில இருக்கு."

உள்கதவுக்குப் பின்னாலிருந்து பெரியும்மா அழுகிற சத்தமும் வாப்பாவை ஏசுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

வாப்பா கடலை விட்டுப் பல காலம் ஆகியும் பாட்டில் வாங்குவதை விடவில்லை. கடைக்கு டீ குடிக்கப் போகும்போதுகூட, "பாட்டிலு முடியறதுக்குள்ள வந்திருவேன்" என்று உம்மாவைச் சீண்டிவிட்டுத்தான் படியிறங்குவார். இந்த வருஷம் ஒரு மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. போனில் சேதி கேட்டபோது நான் அழவில்லை, ரயிலிலும் அழவில்லை. காது கேட்டதை மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை போலும். ஊருக்கு வந்து படியில் கால் வைத்தேன். மணக்கவில்லை. இந்தத் தடவை நான் கத்தவில்லை. உம்மா வெள்ளை உடுத்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சேதி வந்துட்டுல்லா, கழுவிட்டேன்" என்றார்.

போன மாதம் இத்தா முடிந்தது. அதற்காக ஊருக்குப் போயிருந்தேன். பெரியும்மா இல்லை, அவர் வீடு கைமாறி உள்கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முடுக்கு இருக்கிறது, அதில் ஓடிவந்து அழ ஆள் குறைந்துவிட்டது. அலமாரியில் வாப்பா கடைசியாக வாங்கிய பாட்டில் இருந்தது. இனி தொட்டுக்கொள்ளலாமே என்று நான் அதை எடுத்துக் கொடுத்தேன். உம்மா பழையபடி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது.

"முடியறதுக்குள்ள வந்திருவேன்னு சொல்லுவாங்க. முடியறதுக்குள்ள போயிட்டாங்க, பாரு" என்று சொல்லிவிட்டு பாட்டிலை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

அது இப்போது சென்னையில் என் மேசை இழுப்பறையில், ஊர் உலகத்து மல்லிகைக் குச்சிகளுக்கு நடுவே இருக்கிறது. கூட வேலை செய்யும் பிள்ளைகள் ஒரு தடவை முகரக் கொடுங்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மூடியைத் திறக்கவில்லை, திறக்கப் போவதும் இல்லை. பாட்டில் முடியாதவரை வாப்பா வருவதற்கு நாள் இருக்கிறது.