மூன்று பத்துக்கு மழை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 1905, ஜூன் மாதம். பட்டப்பகலில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஓர் அலுவலகத்தில் மழை அளக்கும் வேலை எனக்கு. மே கடைசியில்தான் சேர்ந்திருந்தேன். கொல்லையில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கடிகாரம் சுழற்றும் உருளை, அதைச் சுற்றி மணிக்கோடு போட்ட தாள், ஒரு பேனா. மழைநீர் இறங்கினால் பேனா மேலே ஏறும். தூறல் என்றால் மெல்ல ஏறும், பேய்மழை என்றால் செங்குத்தாக. காலை ஒன்பதுக்குத் தாளை மாற்றிப் பூட்டிவிடுவேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை திறந்தேன். முந்தின நாள் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் தாளில் 4.20க்குக் கோடு ஏறியிருந்தது. பக்கத்தில் பென்சிலால் '4.20' என்று வேறு எழுதியிருந்தது. என் கையெழுத்து இல்லை.

"யாராச்சும் பெட்டியத் தொறந்தீங்களா?"

"சாவி ஒங்ககிட்டதானே இருக்கு?" என்றார் பியூன்.

அன்று மாலை, ஏறக்குறைய அதே நேரத்தில், மழை கொட்டியது.

வியாழக்கிழமை காலை. முந்தின நாள் வெறும் வெயில். தாளில்... 3.10. கோடு செங்குத்தாக ஏறி விளிம்பைத் தொட்டிருந்தது. பென்சில் அழுத்தியதில் தாளே கிழிந்திருந்தது.

என் தம்பி வடிவேலு, மூடிய சாக்கடைக்குள் இறங்கி மண் அள்ளுகிறவன். அன்று ரோச்சோர் ஆற்றுப் பக்கம் வேலை. கிறுக்குத்தனம் என்று மனதை அடக்கிப் பார்த்தேன். இரண்டரைக்கு மேல் முடியவில்லை. ஓடினேன்.

என் பைக் கடிகாரத்தில் 3.05. சாக்கடைக் குழியின் விளிம்பில் நின்று கத்தினேன்.

"வடிவேலு! மேல வாடா!"

வந்தான். முட்டிவரை சேறு. "என்னண்ணே?"

"மழை வருதுடா. மூணு பத்துக்கு."

அண்ணாந்து பார்த்தான். வெயில்.

3.10. இல்லை.

3.12. இல்லை.

கங்காணி முறைத்தார். தம்பி சிரித்துவிட்டான். "போண்ணே. மம்பட்டிய உள்ளாற விட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கே வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

3.13. அவன் தலை குழிக்குள் மறைந்தது.

3.14...

டப்.

என் கையில் ஒரு துளி.

டப்... டப்...

பிறகு கொட்டியது. உள்ளே தண்ணீர் இரைந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்...

மறுநாள்தான் ஆற்று முகத்துவாரத்தில் அவனை எடுத்தார்கள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவன், பழைய தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே பென்சில் எழுத்து. எனக்கு முன் அந்த வேலையில் இருந்த அப்துல் கையூமின் எழுத்து. மே நடுவில் காய்ச்சலில் இறந்துபோனவர்.

ஜூன் முதல் தேதி, அரசாங்க உத்தரவுப்படி, ஊர்க் கடிகாரங்களை எல்லாம் நான்கரை நிமிடம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அவருடைய 3.10, நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 3.14½.

அது அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக் கடிகாரத்தைத் தள்ளிவைத்ததே நான்தான்.