போர் தண்ணீரில் பிழைத்த உளுவை

எங்கள் வீட்டு மீன் தொட்டியில் ஒரு மீன் இருந்தது. ஆனால் என்னைத் தவிர வேறு யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, வெறும் மணலைக் கொட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மணலுக்கு மேலே மிளகு மாதிரி இரண்டு கண்கள் துருத்திக்கொண்டிருப்பது இவர்களுக்கு ஏன் தெரிவதில்லை?

அது உளுவை. கழிமுகத்துச் சேற்றில் புதைந்து கிடக்கிற மீன். எங்கள் பக்கத்தில் அதைக் குழம்பு வைப்பார்களே தவிர, தொட்டியில் வைத்து அழகு பார்க்கிற பைத்தியம் யாருக்கும் கிடையாது. அந்தப் பைத்தியம் என் மாமாவுக்கு வந்தது. அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் செல்போன் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிச்சாவரம் பக்கம் தூண்டிலோடு போய் உட்கார்ந்துவிடுவார். எங்கள் தொட்டியில் இருந்த தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போய் நான் அழுதுகொண்டிருந்தேன். கடைக்காரன் சீக்கு மீனைத் தள்ளிவிட்டான் என்று அப்பா திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் மாமா பிளாஸ்டிக் பையில் இந்த உளுவையையும், இரண்டு கேன் நிறையக் கழிமுகத் தண்ணீரையும் கொண்டுவந்து இறக்கினார்.

"இது ஒண்ணும் லேசுல சாவாதுடி. ஆனா உப்பு கலந்த தண்ணியிலதான் இருக்கும். நல்ல தண்ணியில போட்ட, அவ்ளோதான். வாரா வாரம் நான் தண்ணி கொண்டாந்து தரேன்."

வாரா வாரமாவது! அதற்குப் பிறகு மாமா தலையே காட்டவில்லை. தொட்டித் தண்ணீர் கலங்கி நாற்றம் எடுக்க ஆரம்பித்தது. உளுவை மணலை விட்டு வெளியே வந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயை வாயைத் திறந்தது. போட்ட குட்டி இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் அதன் வாய்தான் கண் முன்னால் திறந்து மூடியது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடுவேன். பிறகு அம்மாவின் போனைப் பிடுங்கி மாமாவை அழைப்பேன்.

"வரேன்டி, வரேன். கடையில ஆள் இல்ல."

"அது செத்துடும் மாமா!"

"சாவாதுடி!" வைத்துவிடுவார்.

கடைசியில் அம்மாவுக்குத்தான் பொறுமை போயிற்று. "கொழம்புல போட வேண்டியத ஊட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு தெனம் ஒரு ஒப்பாரி" என்று சொல்லிக்கொண்டே பக்கெட்டை எடுத்துப்போய், கொல்லைக் குழாயில் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்துவந்து தொட்டியை மாற்றிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துத் தொங்கினேன், கத்தினேன், தரையில் புரண்டேன்.

"ஒண்ணும் ஆவாது, நவுரு. நம்ம தண்ணியே அதுக்குப் போதும்."

அம்மா இதை ஏன் அவ்வளவு எரிச்சலோடு சொன்னாள் என்று அப்போது யோசிக்கவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், உளுவை மணலில் சுகமாகப் புதைந்து கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது. இறாலைப் போட்டேன். லபக்கென்று பாய்ந்து கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது. அப்பாடா! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாள் போகப் போக அது கொழுத்தது, கன்னத்தில் நீலப் புள்ளிகூட மின்னியது.

அந்தச் சந்தோஷத்தில் நான் இருந்தபோதுதான் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தார்.

மஞ்சக்குப்பத்தைத் தாண்டி, உப்பனாற்றுப் பக்கமாக அப்பா எங்கள் வீட்டைக் கட்டியிருந்தார். பக்கத்து மனையில் சித்தப்பா வீடு கட்ட வேண்டும், அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே காம்பவுண்டில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை அதுதான். நடுச்சுவரில் கேட் வைப்பதற்கு இடம்கூட விட்டிருந்தார். போனில் தம்பியிடம் பேசும்போதெல்லாம், "போர் தண்ணி அப்படியே இளநிடா" என்பார். போர் போட்ட புதிதில் அது உண்மைதான். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலோ கரிக்கத் தொடங்கியது. அந்தச் செய்தியை மட்டும் அப்பா துபாய்க்குச் சொல்லவே இல்லை. சமையலுக்கு கேன் தண்ணீர் வந்தது. போர் தண்ணீர் என்றால் ஊர் முழுக்க அப்படித்தான் கரிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா டீயை உறிஞ்சிவிட்டு, "டீ சூப்பர் அண்ணி" என்றார்.

"எல்லாம் தண்ணிதான்டா. நம்ம போரு" என்றார் அப்பா.

அம்மா டம்ளரை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். எனக்கோ கால் நிலைகொள்ளவில்லை. பெரியவர்கள் மனை, பட்டா, கொத்தனார் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என் மீனை ஒருத்தரும் கேட்கவில்லை. சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நிறுத்தினேன்.

"உளுவை சித்தப்பா! அதோ, கண்ணு தெரியுது பாருங்க."

"அட, உளுவையா! இதுக்கு உப்புத் தண்ணிக்கு எங்கடா கண்ணு போறீங்க?"

"எங்கயும் போறதில்ல சித்தப்பா. நம்ம போர் தண்ணிதான்! நல்ல தண்ணியில போட்டா செத்துடும்னு மாமா சொன்னாரு. நம்ம தண்ணியில பாருங்க, ஜம்முனு இருக்குது."

சித்தப்பா தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த சித்தப்பா கோபப்படவில்லை. அப்பாவின் தோளில் கையை வைத்து, "யோசிச்சிச் சொல்றேண்ணா" என்றார். அப்பா "சரிடா" என்றார். அந்த லீவு முடிவதற்குள் சித்தப்பா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டார்.

சேதி வந்த சாயங்காலம் அப்பா டி.வி. போடவில்லை. தொட்டிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா நின்றாள். ஒருவழியாக இவர்களுக்கும் என் மீன் கண்ணில் பட்டுவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அது பிழைக்குமோ பிழைக்காதோ என்று நான் தவித்த தவிப்பு இப்போது அப்பாவுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம். அவர் மடியில் ஏறிக்கொண்டு தைரியம் சொன்னேன்.

"கவலப்படாதீங்கப்பா. இது சாவவே சாவாது. நம்ம தண்ணி அதுக்கு அவ்ளோ ஒத்துப்போச்சு."

அப்பா, "ஆமாம்மா" என்று என்னை இறுக்கிக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீன் பிழைத்துவிட்டதில் என்னைவிட அவர்களுக்குத்தான் சந்தோஷம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.