சீசியத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம்

பிரெஞ்சு அரசின் மருத்துவமனை மருந்தகத்தில் பதவி உயர, நான் வேதியியல் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், மூன்று மாதம் தனிமங்களை எண் வரிசையில் மனப்பாடம் செய்தேன். "சோடியத்துக்குக் கீழ யாரு?" என்று புத்தகத்திலிருந்த தனிம அட்டவணையைப் பார்த்து மனைவி கேட்டதும், ஹைட்ரஜனிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "மாதா கோயில்ல ஒங்களுக்குப் பின்னால யாருன்னு கேட்டா, வாசல்லேர்ந்தா தலைய எண்ணிட்டு வருவீங்க? குடும்பம் குடும்பமா ஒக்கார வைங்க."

அப்படியே தனிமங்களைக் குடும்பவாரியாகப் பெஞ்சு பெஞ்சாக உட்கார வைத்தேன். சோடியம் குடும்பத்தில், சீசியத்துக்குப் பின்னால் ஓர் இடம் மட்டும் காலி; அங்கே வர வேண்டிய தனிமத்தை இந்த 1935 வரை யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. வேலைக்காகச் சைகோனுக்குக் கப்பலேறிய என் மைத்துனர் கோயிலில் விட்டுப்போன இடத்தைப் போல.

பிரெஞ்சுக்காரத் தேர்வாளர் அதையேதான் கேட்டார்: "சீசியத்துக்கு அடுத்து?"

"இடம் இருக்கு முசியே, ஆள் இன்னும் வரலை" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்தபடி தேர்ச்சி போட்டார்.

மைத்துனர் திரும்பி வந்துவிட்டார். சீசியத்துக்குப் பின்னால் வர வேண்டிய அந்த இன்னொருவர் எப்படி இருப்பார் என்றுதான் ஞாயிறுதோறும் பூசையில் யோசிக்கிறேன்.